நிபந்தனை இல்லாத நிலம், நகராத கட்டடம்



இந்தக் கல்லூரியின் அறக்கட்டளை மேடையில் வழக்கமாக இலக்கியமும் வரலாறும் பேசப்படும். கட்டடப் பொறியியல் சொல்லிக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவன் நான். ஆகவே ஒரு கட்டடத்தைப் பற்றித்தான் பேச எனக்குத் தெரியும். தேர்ந்தெடுத்தது ஒரு கல்லூரி விளையாட்டரங்கம். பாஸ்டன் நகரத்தில், சார்லஸ் ஆற்றின் தென்கரையில், 1903ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் ஹார்வர்டு ஸ்டேடியம். அறக்கட்டளைக் கூட்டத்தில் இதைப் பேசுவதற்கு ஒரு நியாயம் உண்டு. அந்த அரங்கம் நிற்கும் நிலம் கொடையாக வந்தது. கட்டிய பணத்தில் ஒரு பங்கும் கொடையாக வந்தது. கொடுத்தவர்கள் எதிர்பார்த்ததும் நடந்தது, கனவிலும் நினைக்காததும் நடந்தது.

ஹார்வர்டு என்ற பெயர் நம்மவர்களுக்கு இப்போது நெருக்கமாகிவிட்டது. அங்கே தமிழ் இருக்கை அமைய உலகெங்கும் உள்ள தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. சிறுவாடு சேர்த்துக் கொடுத்தவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். நம் பணமும் போய்ச் சேர்ந்திருக்கிற இடத்தில் ஒரு பழைய கொடை என்ன ஆனது என்று பார்ப்பதில் நமக்கும் அக்கறை இருக்க வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. இரு முனையும் கூர்ந்த பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம். ஓடுகிறவனைப் பாய்ந்து பிடித்துத் தரையில் சாய்க்கலாம். குறிப்பிட்ட வாய்ப்புகளுக்குள் குறிப்பிட்ட கஜ தூரம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும். ரக்பியிலிருந்து பிறந்த ஆட்டம் இது. 1874 மே மாதம் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி ஹார்வர்டுக்கு வந்து இரண்டு நாள் ஆடியது. பந்தைக் கையில் எடுத்து ஓடும் அந்த முறை ஹார்வர்டு மாணவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மறு ஆண்டே யேல் பல்கலைக்கழகத்தோடு ஆடினார்கள். ஹார்வர்டு–யேல் போட்டிக்கு அன்று தொடங்கிய மவுசு இன்றும் குறையவில்லை.

இனி நிலத்துக்கு வருகிறேன்.

ஹென்றி லீ ஹிகின்சன் பாஸ்டன் நகரத்து வங்கியாளர். 1881ல் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கி, ஆண்டுக்கணக்காகத் தன் கைப்பணத்தால் தாங்கியவர். இளம் வயதில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப் படையில் மேஜராக இருந்தார். 1863ல் வர்ஜீனியாவில் ஆல்டீ என்ற ஊரில் நடந்த சண்டையில் படுகாயம் அடைந்தார். அவர் பிழைத்தார், அவரோடு பழகியவர்கள் பலர் பிழைக்கவில்லை. 1890 ஜூன் மாதம் ஆற்றுக்குத் தெற்கே 31 ஏக்கர் நிலத்தை அவர் ஹார்வர்டுக்கு எழுதிக் கொடுத்தார், மாணவர்கள் விளையாடுவதற்காக. கொடையை அறிவித்த கூட்டத்தில் தன் பெருமை எதையும் பேசவில்லை. போரால் இழந்த ஆறு நண்பர்களைப் பற்றிப் பேசினார்.

அந்த ஆறு பேரும் யார் யார் என்று தெரிந்தால்தான் அந்த நிலத்தின் கனம் புரியும். ஜேம்ஸ் சாவேஜ், சார்லஸ் ரஸல் லோவெல், அவருடைய தம்பி ஜேம்ஸ் ஜாக்ஸன் லோவெல், ஸ்டீபன் பெர்கின்ஸ், ராபர்ட் கூல்ட் ஷா, எட்வர்ட் டால்டன். டால்டன் மருத்துவர். போர்க்காலத்தில் கெட்டுப்போன உடல்நலத்தால் 1872ல் இறந்தார். மற்ற ஐவரும் போரிலேயே உயிரிழந்தவர்கள். ராபர்ட் ஷா, கறுப்பின வீரர்களைக் கொண்டு அமைந்த 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவின் தளபதி. 1863 ஜூலை 18 அன்று ஃபோர்ட் வாக்னர் கோட்டையைத் தாக்கும்போது தன் வீரர்களோடு மடிந்தார். அப்போது அவருக்கு வயது 25. நிலத்தைக் கொடுத்த ஹிகின்சன் நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. ஒரே ஒரு விருப்பம் சொன்னார்: இதற்குப் போர்வீரர்கள் மைதானம் என்று பெயர் வையுங்கள், நண்பர்களின் பெயர் பொறித்த ஒரு கல் நடுங்கள். பல்கலைக்கழகம் இரண்டையும் செய்தது. தன் பெயரை அந்த நிலத்துக்கு வைக்கும்படி அவர் கேட்கவில்லை என்பதை இங்குள்ள மாணவர்கள் கவனிக்க வேண்டும். நம் ஊரில் கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தால்கூட உபயதாரர் பெயர் விளக்கிலேயே ஏறிவிடுகிறது.

நிலம் வந்து பதின்மூன்று ஆண்டுகள் மரத்தால் ஆன பார்வையாளர் மாடங்களே இருந்தன. மரக் காலரிகள் உளுத்துப்போகும், எளிதில் தீப்பிடிக்கும், கூட்டம் கூடக்கூடத் தாங்காது. 1879ஆம் ஆண்டு படித்து வெளியேறிய வகுப்பினர் தங்கள் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்காக ஒரு லட்சம் டாலர் தருவதாக முன்வந்தார்கள். நிரந்தரமான ஓர் அரங்கம் கட்டுவதென்று முடிவாயிற்று. மொத்தச் செலவு 3 லட்சத்து 10 ஆயிரம் டாலர். மீதியை விளையாட்டுக் குழுவே போட்டிகளின் நுழைவுக் கட்டண வருவாயிலிருந்து ஈடுகட்டியது.

எதில் கட்டுவது என்ற கேள்வியில்தான் என் துறைக்காரர்கள் உள்ளே வருகிறார்கள். பொறியியல் பேராசிரியர் ஐரா ஹாலிஸ் அப்போது விளையாட்டுக் குழுவுக்குப் பொறுப்பில் இருந்தார். அவரும் கட்டடப் பொறியியல் பேராசிரியர் லூயி ஜான்சனும் சேர்ந்து கம்பி கட்டிய கான்கிரீட்டில் கட்டலாம் என்றார்கள். வடிவத்தை வரைந்தவர்கள் சார்லஸ் மெக்கிம், டி கெர்ஸ்டார்ஃப் என்ற இரு கட்டடக் கலைஞர்கள். ஏதென்ஸ் நகரத்தில் 1896 ஒலிம்பிக் நடந்த பழைய அரங்கம்போல, குதிரை லாட வடிவில் ஒரு முனை வளைந்து மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும்.

இன்று நம் ஊரில் கொத்தனாரிடம் போய்த் தூண் எழுப்ப வேண்டும் என்றால், எத்தனை கம்பி, என்ன கலவை என்று உடனே சொல்லிவிடுவார். 1903ல் நிலைமை அப்படி இல்லை. அந்த ஆண்டுதான் சின்சினாட்டி நகரில் பதினாறு மாடிக் கான்கிரீட் கட்டடம் ஒன்று எழுந்து முடிந்தது. சென்ட்ரிங்கைப் பிரித்தால் அது சரிந்துவிடும் என்றே பலரும் நம்பினார்கள். பாஸ்டனில் பயம் வேறு மாதிரி. அங்கே குளிர்காலத்தில் வெப்பநிலை பல வாரங்கள் உறைநிலைக்குக் கீழே கிடக்கும். கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. மழைநீரும் பனி கரைந்த நீரும் அவற்றுக்குள் இறங்கும். இரவில் உறையும்போது நீரின் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். கூடுகிற நீருக்கு இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் துளையின் சுவரை உடைத்துக்கொள்ளும். பகலில் உருகும், இரவில் மறுபடி உறையும். இப்படி ஒரு குளிர்காலத்தில் பலமுறை நடந்தால் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயரும். பெயர்ந்த இடம் வழியாக ஈரம் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளக்கும். கலவையில் நுண்ணிய காற்றுக் குமிழிகளை வேண்டுமென்றே சேர்த்தால் உறையும் நீருக்கு இடம் கிடைக்கும், சேதம் குறையும். இது 1930களின் பிற்பகுதியில்தான் அமெரிக்கப் பொறியாளர்களுக்குத் தெரியவந்தது. ஆகவே 1903ல் ஜான்சனும் ஹாலிஸும் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் துணிந்தார்கள். அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

வேலை நடந்த விதமும் சொல்லத் தக்கது. இருக்கைகளாகும் கான்கிரீட் பலகைகளைத் தரையிலேயே தனித்தனியாக வார்த்து, ஆறவைத்து, பிறகு தூக்கிச் சட்டங்களின்மேல் அடுக்கினார்கள். இன்று மெட்ரோ ரயில் பாலங்களில் நாம் அன்றாடம் பார்க்கிற முறைதான். ஆனால் அன்று அது புதிது. உயரத்தில் சென்ட்ரிங் அடித்து, ஊற்றி, காயும்வரை காத்திருக்கும் நாட்கள் மிச்சமாயின. கோடையில் தொடங்கிய வேலை நான்கரை மாதத்தில் ஆடும் நிலைக்கு வந்துவிட்டது. 1903 நவம்பர் 14 அன்று டார்ட்மத் கல்லூரியோடு முதல் ஆட்டம் நடந்தது, கட்டட வேலை முழுதும் முடிவதற்கு முன்பே. டார்ட்மத் 11–0 என்று வென்றது. அடுத்த வாரம் யேல் வந்து 16–0 என்று வென்றது. புது வீட்டில் குடியேறியவர்களுக்கு இரண்டு அடி. ஆனால் அரங்கம் இரண்டு கூட்டத்தையும் தாங்கியது, அந்தக் குளிர்காலத்தையும் தாங்கியது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்கென்று நிரந்தரமாகக் கட்டப்பட்ட முதல் பெரிய அரங்கம் இதுவே. இந்த அளவில் கம்பி கட்டிய கான்கிரீட்டில் எழுந்த முதல் கட்டுமானங்களில் ஒன்று என்றும் பெயர் பெற்றது.

இப்போது என் பேச்சின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். இந்தக் கட்டடம் வந்த பிறகு ஆட்டமே மாறிப்போனது.

அந்தக் காலத்து ஆட்டம் கொடூரமானது. பந்தை முன்னோக்கி எறியக்கூடாது என்பது விதி. ஆகவே முன்னேற ஒரே வழி, கூட்டமாகச் சேர்ந்து எதிரணியின் ஓரிடத்தில் மோதுவது. 1892ல் யேலுக்கு எதிராக ஹார்வர்டே ஓர் உத்தியை அறிமுகப்படுத்தியது. ஆட்டக்காரர்கள் இரண்டு வரிசையாகத் தூரத்திலிருந்து ஓடி வந்து, ஆப்பு வடிவில் இணைந்து, முழு வேகத்தில் ஒரே ஆளின்மேல் விழுவார்கள். பறக்கும் ஆப்பு என்று அதற்குப் பெயர். யோசித்துக் கொடுத்தவர் லோரின் டீலாண்ட். அவர் அந்த ஆட்டத்தை ஆடியவரே அல்ல, சதுரங்கத்தில் நாட்டம் உள்ளவர். இரண்டே ஆண்டில் அந்த உத்தி தடை செய்யப்பட்டது. ஆனால் கூட்டமாக மோதும் பழக்கம் வேறு வடிவங்களில் தொடர்ந்தது. தலையில் சரியான கவசம் இல்லை. கழுத்து முறிந்தும் மூளையில் இரத்தம் கசிந்தும் இளைஞர்கள் இறந்தார்கள். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் பள்ளி, கல்லூரி மைதானங்களில் 18 பேர் இறந்ததாகச் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் கணக்கிட்டது.

அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட். அவர் ஹார்வர்டில் 1880ஆம் ஆண்டு வகுப்பு, அதாவது அரங்கத்துக்குப் பணம் கொடுத்த வகுப்புக்கு அடுத்த வகுப்பு. அவருடைய மகன் அந்த ஆண்டு ஹார்வர்டின் முதலாண்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தான். 1905 அக்டோபர் 9 அன்று ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றின் பிரதிநிதிகளையும் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. நவம்பர் மாதம் நியூயார்க் பல்கலைக்கழகத்தோடு ஆடும்போது யூனியன் கல்லூரி மாணவன் ஒருவன் இறந்தான். கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ரக்பிக்கு மாறின. ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட் நீண்டகாலமாகவே இந்த ஆட்டத்தை எதிர்த்து வந்தவர். விதிகள் மாறாவிட்டால் எங்கள் மைதானத்தில் ஆட்டம் கிடையாது என்ற நிலைக்கு ஹார்வர்டு வந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகூட ஆகாத, மூன்று லட்சம் டாலர் விழுங்கிய அரங்கம் கையில் இருக்கிறது. அதில் ஆட வேண்டிய ஆட்டத்தை நிறுத்துவதா என்று அதே பல்கலைக்கழகம் யோசிக்கிறது. கட்டிவிட்டோமே என்பதற்காக மாணவர்களின் உயிரைப் பணயம் வைக்கவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விதிகளை மாற்றக் கூடிய குழுவில் யேலின் வால்ட்டர் கேம்ப் செல்வாக்கு மிக்கவர். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் பலவற்றுக்கு அவரே தந்தை. கூட்டமாக மோதுவதைக் குறைக்க அவர் விரும்பிய வழி, மைதானத்தை அகலப்படுத்துவது. இன்னும் 40 அடி அகலம் கூடினால் ஆட்டக்காரர்கள் பக்கவாட்டில் விரிந்து ஓடுவார்கள், ஒரே இடத்தில் குவியமாட்டார்கள் என்பது வாதம். வாதம் நியாயமானதுதான். மரக் காலரி என்றால் பிரித்து நகர்த்தி வைத்துவிடலாம். ஹார்வர்டில் இருப்பது கான்கிரீட். காலரியின் அடிவரிசை ஆடுகளத்துக்கு அருகிலேயே வந்து நிற்கிறது. அதை 40 அடி தள்ள வேண்டுமென்றால் இடித்துத்தான் தள்ள வேண்டும். நாட்டின் மிகப் பெரிய புது அரங்கத்தில் ஆட முடியாத விதியை எழுதிப் பயனில்லை.

ஆகவே குழு வேறு வழிக்குப் போனது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி 1906ல் வந்தது. முன்னேற வேண்டிய தூரம் 5 கஜத்திலிருந்து 10 கஜமாக உயர்ந்தது. இரண்டு அணிகளுக்கும் நடுவே இடைவெளி விடப்பட்டது. ஆட்ட நேரம் 70 நிமிடத்திலிருந்து 60 நிமிடமாகக் குறைந்தது. அந்த ஒரு கட்டடம்தான் விதியை மாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். பந்தை எறிய அனுமதிக்க வேண்டும் என்று ஜான் ஹைஸ்மன் போன்ற பயிற்சியாளர்கள் பல ஆண்டுகளாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் எதிரே ஒரு மாற்று வழி இருந்தது, அந்த வழியைக் கான்கிரீட் அடைத்துவிட்டது. அடைபட்டதால் துணிச்சலான வழி திறந்தது. நிலத்தைக் கொடுத்த ஹிகின்சன் நிபந்தனை விதிக்கவில்லை. பணம் கொடுத்த வகுப்பினரும் ஆட்டத்தின் விதியைத் தொடவில்லை. நிபந்தனை விதித்தது கட்டடம்.

முன்னோக்கி எறிவதற்கு முதலில் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. பந்து புறப்பட்ட இடத்திலிருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 5 கஜமாவது விலகித்தான் எறிய வேண்டும். நடுவர் அதைக் கண்டுகொள்ள வசதியாக மைதானத்தில் குறுக்குக் கோடுகளோடு நெடுக்குக் கோடுகளும் போட்டார்கள். மேலிருந்து பார்த்தால் சல்லடைபோலத் தெரியும். 1906 செப்டம்பர் 5 அன்று செயின்ட் லூயி பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் முதல் சட்டபூர்வமான முன்னெறிதலைச் செய்தார். கிழக்குக் கரையின் பெரிய கல்லூரிகள் பல ஆண்டுகள் அந்த உத்தியை அலட்சியமாகவே பார்த்தன. 1913ல் நோட்டர் டேம் அணி ராணுவ அகாடமி அணியை 35–13 என்று எறிந்தே வீழ்த்திய பிறகுதான் நாடு முழுதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்று அமெரிக்காவில் கோடிக்கணக்கான மக்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டத்தின் அழகே அந்த நீண்ட எறிதலில்தான் இருக்கிறது. 1905 நெருக்கடியின்போது கூடிய கல்லூரிகள் சேர்ந்து ஓர் அமைப்பும் உருவாக்கின. அதுவே 1910ல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்று பெயர் மாறியது. இன்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதியை ஆள்வது அந்தச் சங்கம்தான்.

அரங்கத்தின் மற்ற வரலாற்றைக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். 1910ல் மேல்விளிம்பில் தூண் வரிசையும் அதன்மேல் கூரையும் சேர்ந்தன. வெளியே இருந்து பார்த்தால் ரோமானியக் கட்டடம் என்று தோன்றுவது அந்தத் தூண்களால்தான். 1929ல் திறந்த முனையில் இரும்புக் காலரி எழுப்பினார்கள். இருக்கை எண்ணிக்கை 57,166 ஆனது. 1951ல் அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் 30,323 பேர் உட்காரலாம் என்றாயிற்று. மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கொள்ளும். அதோடு பார்த்தால் இது சிறியது. இருக்கை குறைந்ததை நான் குறையாக எண்ணவில்லை. படிக்க வந்த இடத்தில் விளையாட்டு இந்த அளவில் இருப்பதே அழகு.

ஆட்டங்களில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 1968 நவம்பர் 23. ஹார்வர்டும் யேலும் அந்தப் பருவத்தில் ஒரு தோல்விகூட இல்லாமல் வந்து மோதின. யேல் ஒரு கட்டத்தில் 22–0 என்று முன்னிலையில் இருந்தது. கடைசி 42 விநாடியில் ஹார்வர்டு 16 புள்ளிகள் எடுத்தது. எடுத்துக் கொடுத்தவர் ஃபிராங்க் சாம்பி என்ற மாற்று ஆட்டக்காரர். 29–29 என்று சமனில் முடிந்தது. மாணவர் நாளிதழ் ஹார்வர்டு யேலை வென்றதாகவே தலைப்புப் போட்டது. அன்று ஹார்வர்டுக்காக ஆடியவர்களில் ஒருவர் டாமி லீ ஜோன்ஸ், பின்னாளில் ஆஸ்கர் விருது பெற்ற நடிகர்.

ஆனால் அரங்கம் ஆட்டத்துக்கு மட்டும் பயன்படவில்லை. 1906 ஜூன் மாதம், விதிகள் மாறிய அதே ஆண்டு, செவ்வியல் மொழித் துறையினர் ஈஸ்கிலஸின் அகமெம்னான் நாடகத்தைக் கிரேக்க மொழியிலேயே இங்கே நடத்தினார்கள். ஏதென்ஸைப் பார்த்து வரைந்த வளைவு உண்மையாகவே கிரேக்கக் குரல்களைக் கேட்டது. 1909ல் நடிகை மாட் ஆடம்ஸ், ஷில்லரின் நாடகத்தில் ஜோன் ஆஃப் ஆர்க்காக இங்கே நடித்தார். 1969 ஏப்ரலில் வியட்நாம் போருக்கு எதிரான போராட்டம் ஹார்வர்டை உலுக்கியது. நிர்வாகக் கட்டடத்தில் புகுந்த மாணவர்களைப் போலீஸ் அடித்து வெளியேற்றியது. அதற்குச் சில நாட்களில் சுமார் 10,000 பேர் இந்தக் காலரிகளில் கூடி, வேலைநிறுத்தம் செய்வது பற்றி வாக்களித்தார்கள். போரில் இறந்தவர்களின் நினைவாக வந்த நிலத்தில் இன்னொரு போரை எதிர்த்துக் கூடினார்கள். ஹிகின்சனின் நண்பர்கள் போரிட்டது அடிமை முறையை ஒழித்த போரில். அவர்கள் இருந்திருந்தால் இந்த மாணவர்களுக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

1970 ஆகஸ்ட் 12 அன்று பாடகி ஜானிஸ் ஜாப்ளின் கடைசியாக மேடையேறியது இங்கேதான். அதே ஆண்டு தொழில்முறை அணியான பாஸ்டன் பேட்ரியட்ஸ் தன் சொந்த ஊர் ஆட்டங்களை இங்கே ஆடியது. 1984 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தபோது, நாம் ஆடும் கால்பந்தின் தொடக்கச் சுற்றுப் போட்டிகள் சில இங்கே நடந்தன. 1982ல் யேல் ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்கு அடியிலிருந்து ஒரு கரும் பலூன் ஊதிப் பெருத்து வெடித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எம்.ஐ.டி. மாணவர்கள் இரவில் வந்து புதைத்து வைத்த கருவி அது.

இப்போதைய வசதிகளைப் பற்றிக் கேட்பீர்கள். நூறு ஆண்டுகள் இயற்கைப் புல்லில், பகல் வெளிச்சத்தில் மட்டுமே ஆட்டம் நடந்தது. 2006ல் செயற்கைப் புல்தரை வந்தது. குளிர்காலத்தில் காற்றால் நிமிர்ந்து நிற்கும் கூடாரம் மைதானத்தை மூடுகிறது, உள்ளே பனிக்காலம் முழுதும் பயிற்சி நடக்கிறது. விளக்குக் கம்பங்களும் வந்தன. 2007 செப்டம்பர் 22 அன்று பிரௌன் பல்கலைக்கழகத்தோடு முதல் இரவு ஆட்டம் நடந்தது. லக்ராஸ் ஆட்டமும் இங்கே ஆடப்பட்டிருக்கிறது. திறந்த முனைக்கு எதிரே ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் டில்லன் கூடம் இருக்கிறது. காலரியில் இன்றும் வெறும் கான்கிரீட் படிதான். முதுகு சாய்க்க இடம் கிடையாது. நவம்பர் குளிரில் அதில் மூன்று மணி நேரம் உட்காருகிறவர்கள் சிறு மெத்தையும் கம்பளியும் கொண்டுவருவார்கள்.

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது என் தொழில். 1903ல் பயந்தது முழுக்கப் பொய்யாகவில்லை. குளிர் தன் வேலையைச் செய்தது, துருவும் செய்தது. 1980களில் பழைய இரும்பையும் இருக்கைகளையும் மாற்றிப் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். 1914ல் பிரின்ஸ்டன் கட்டிய பால்மர் ஸ்டேடியமும் கான்கிரீட்தான், அதுவும் குதிரை லாட வடிவம்தான். அது சிதைந்து, 1990களில் இடிக்கப்பட்டது. அதே 1914ல் யேல் வேறு வழியில் போனது. பூமியைத் தோண்டி, அந்த மண்ணையே சுற்றிலும் குவித்துக் கிண்ணம்போல அமைத்தது. அதன் திறப்பு விழா ஆட்டத்தில் ஹார்வர்டு 36–0 என்று வென்றது. ஹார்வர்டு ஸ்டேடியத்தையும் யேல் கிண்ணத்தையும் 1987ல் அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவித்தது. கான்கிரீட் தானாக நிற்காது. பார்த்துக்கொள்கிறவர்கள் இருந்தால்தான் நிற்கும். கொடையாக வந்த கட்டடத்துக்குத் திறப்பு விழாவன்று கூடுகிற கூட்டம், அறுபது ஆண்டு கழித்து விரிசல் அடைக்கப் பணம் கேட்டால் கூடுவதில்லை. நம் ஊரில் அறக்கட்டளை நிறுவும் நல்ல உள்ளங்களுக்கு என் வேண்டுகோள், பராமரிப்புக்கென்று தனியாக ஒரு தொகையை முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள்.

அந்தப் படிகளைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். லாட வடிவத்தைச் சுற்றி 37 பகுதிகள், பகுதிக்கு 31 வரிசை. உட்காரும் படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்கு நெருங்கி வரும். இடையிடையே ஏறி இறங்கச் சிறு படிகள் உண்டு. ஹார்வர்டின் படகோட்டிகளும் மற்ற அணியினரும் காலம் காலமாக இந்தப் பெரும் படிகளில் ஓடிப் பயிற்சி எடுத்துவந்தார்கள். பெரும் படியில் ஏறி, சிறு படியில் இறங்கி, அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். 37ஐயும் முடித்தால் ஒரு முழுச் சுற்று. 2011ல் பாஸ்டனில் இலவச உடற்பயிற்சிக் குழு ஒன்று தொடங்கியது. புதன்கிழமை விடியற்காலையில் இங்கே படியேறுவது அவர்கள் வழக்கமாயிற்று. மாணவர், செவிலியர், வங்கி ஊழியர், ஓய்வுபெற்றவர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். கட்டணம் கிடையாது, பல்கலைக்கழகத்தோடு தொடர்பும் தேவையில்லை. பனி விழும் ஜனவரியிலும் வருகிறார்கள்.

உங்களில் யாராவது மேற்படிப்புக்காக அந்த ஊருக்குப் போனால், ஹார்வர்டு சதுக்கத்திலிருந்து தெற்கே நடந்து ஆண்டர்சன் பாலத்தைக் கடந்தால் போதும், அரங்கம் தெரியும். ஆற்றைத் தாண்டியதும் கேம்பிரிட்ஜ் முடிந்து பாஸ்டன் நகர எல்லை தொடங்கிவிடும். முதல் நாளே 37 பகுதியும் ஏற முயல வேண்டாம். பத்துப் பகுதியில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏறும்போது பெரும் படிகளின் முன்விளிம்பையும் இணைப்புகளையும் கவனித்துப் பாருங்கள். எந்தப் பலகை பழையது, எது பின்னால் மாற்றியது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று பொறியியல் படித்த கண்ணுக்குத் தெரியும். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.